அடுப்போரத்து மண்

"இங்கேதான் காட்டுது. தோண்டு! தோண்டுடா!"

கிளெமென்ஸ் முழங்காலிட்டுப் பனியை வாரிப் பின்னால் எறிந்துகொண்டிருந்தான். சரிந்து வந்து நின்ற பனி சிமென்ட் போல இறுகிக் கிடந்தது. ஷவல் படும் இடமெல்லாம் கல்லில் பட்டதுபோல் சத்தம். எதிரே அவன் மாமனார் வீகில். அவர் கையில் ஷவலும் இல்லை, கையுறையும் இல்லை. எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியாது. வெறும் விரல்களால் பிராண்டிக்கொண்டிருந்தார்.

குழிக்கு மேலே ரோமான் நின்று தன் பீப்பரில், அந்தத் தேடும் கருவியில், தெரிந்த தூரத்தை மீட்டரில் கத்திக் கத்திச் சொன்னான். "ரெண்டு! ரெண்டரை! இல்ல, ரெண்டுதான்!"

"கம்பியை விடு!"

நீளக் கம்பி உள்ளே இறங்கியது. தரையைத் தொட்டது. ரோமான் பிடுங்கி, ஒரு சாண் தள்ளி மறுபடி குத்தினான். மறுபடி தரை. எதிலும் படவில்லை.

வீகில் குழிக்குள் குனிந்து பனியிடம் பேசினார். "அப்பா வந்துட்டேன்டி. மூச்சை மட்டும் பிடிச்சு வச்சுக்கோ. இதோ வந்துட்டேன்."

கீழே இருப்பது வெரேனா. அவருடைய ஒரே மகள். கிளெமென்ஸின் மனைவி.

அப்போது ஊர்க்காரர்கள் சிலர் சரிவின் அடியில் வந்து நின்றார்கள். அவர்களிடம் இருந்த ஷவல்களை வாங்கிவர வீகில் குழியை விட்டு ஏறிக் கீழே ஓடினார். அவர் போன சற்று நேரத்தில் ரோமானின் குரல் மாறியது.

"மேலே! ஐயோ, மேலே காட்டுது!"

மேலே ஓடினார்கள். வளைந்து போன ஒரு மரத்துக்குப் பக்கத்தில், ரோமான் முதல் தடவை குத்தியபோதே கம்பி எதன் மேலோ பட்டு நின்றது. மெத்தென்று நின்றது.

தோண்டி எடுத்தபோது அவள் முகத்தைச் சுற்றி மெல்லிய ஐஸ் ஓடு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் யாரும் யாரையும் பார்க்கவில்லை. மூச்சின் சூட்டில் பனி உருகி மறுபடி உறைந்தால்தான் அந்த ஓடு வரும். புதைந்த பிறகும் அவள் கொஞ்ச நேரம் மூச்சு விட்டிருக்கிறாள்.

ஹெலிகாப்டரில் வந்த மருத்துவர் ரொம்ப நேரம் முயன்றார். பிறகு கையை எடுத்துவிட்டார்.

வீகில் மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டார். தோண்டியதில் அவர் சட்டையின் ஜிப் வயிறு வரைக்கும் திறந்து கிடந்தது. கிளெமென்ஸ் அவளைப் பார்க்கத்தான் குனிந்தான். பார்த்தது வேறு. மாமனாரின் நெஞ்சில் கட்டியிருந்த பீப்பரில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.

மலைக்குப் போகிறவர்கள் எல்லோர் நெஞ்சிலும் ஒரு பீப்பர் இருக்கும். சாதாரண நேரங்களில் அது 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அப்போது சிவப்பு எரியும். ஒருவர் பனிக்குள் போய்விட்டால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடுவதற்குத் திருப்பிவிட வேண்டும். ஒரே ஒருவர் திருப்பாமல் விட்டாலும் போதும். புதைந்தவரை விட்டுவிட்டு எல்லாப் பீப்பர்களும் அவரைத்தான் காட்டும்.

கிளெமென்ஸ் மாமனாரை இழுத்து அணைத்துக்கொண்டான். இரண்டு நெஞ்சுக்கும் நடுவில் கையை விட்டு, கட்டைவிரலால் தடவி, அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்தான். சுற்றி நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். மாப்பிள்ளை அழுகிறான் என்று நினைத்தார்கள்.

அவன் அழவில்லை. பயந்துகொண்டிருந்தான்.

*

வெரேனாவின் ஊரான பிர்க்காட்டில், பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை மலைமேல் ஏற்ற இரண்டு இழுவை லிப்ட்டும் ஒரு நாற்காலி லிப்ட்டும்தான். பெரிய ஊர்களுக்குப் போகிற கூட்டம் இந்தப் பக்கம் திரும்பாது. வழிவழியாக வந்து பழகிய சில குடும்பங்கள் வரும், அவ்வளவுதான். நகரத்தில் தண்ணீர்க் குழாய்களுக்கு வரைபடம் போடுகிற கிளெமென்ஸும் பள்ளிக்கூட ஆசிரியையான வெரேனாவும் ஒவ்வொரு பிப்ரவரி விடுமுறைக்கும் வருவார்கள். வந்து இறங்கிய அன்றே வெரேனா நகரத்தை மறந்துவிடுவாள். லிப்ட் நின்றதும் அப்பாவோடும் பெரியப்பா மகன் ரோமானோடும் கடைசிச் சுற்றுக்குக் கிளம்பிவிடுவாள்.

ஒருவர் குரல் ஒருவருக்குக் கேட்கிற தூரத்தில் மேலிருந்து இறங்கி, மலையில் யாரும் மிச்சமில்லை என்று பார்த்துக்கொண்டே வருவதுதான் கடைசிச் சுற்று. வழியில் பாதையை விட்டு ஒரு தடம் வெளியே போனால், அது எங்கே திரும்பி வருகிறது என்று பார்க்காமல் கீழே இறங்கக் கூடாது. அது வீகில் வைத்த சட்டம். மலைக் காவலுக்கு அவர்தான் தலைவர்.

அன்றும் லிப்ட் அடியில் நின்று ரோமான் வழக்கம்போல வம்பிழுத்தான்.

"மச்சான், நீயும் மேலே வாயேன். நீ விழறதைப் பார்க்கத்தான் ரெண்டு குடும்பம் ஊருக்குப் போகாம உட்கார்ந்திருக்கு."

"என் வீட்டுக்காரரை ஏன்டா வம்புக்கு இழுக்கிற?" என்றாள் வெரேனா. "விழுந்தாலும் அழகாத்தானே விழுறார்."

"அழகா? போன வருஷம் இழுவைக் கம்பியோட கால்சட்டையும் மேலே போயிடுச்சு. அதுவா அழகு?"

லிப்ட் ஓட்டுகிற காலுஸ் உள்ளேயிருந்து சிரித்தார். வீகில் சிரிக்கவில்லை. மாப்பிள்ளையின் நெஞ்சில் பீப்பரின் வார் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார். "கீழேயே நின்னாலும் கட்டிக்கணும். மலை தெரியாத கீழ்நாட்டுக்காரன் புத்தியை இங்கே காட்டாதே."

அன்று பாதையை விட்டு விலகி, ஆட்டுப் பள்ளம் என்கிற சரிவுக்குள் ஒரு தடம் போயிருந்தது. காற்று சில நாட்களாக அங்கேதான் பனியைக் கொண்டுபோய்க் குவித்திருந்தது. "நில்லு, நான் வர்றேன்" என்று வீகில் ரேடியோவில் சொல்லி முடிப்பதற்குள் அவள் நுழைந்துவிட்டாள். தடம் ஒரு சிறுவனுடையது. அவன் எப்போதோ கீழே வந்து, அம்மாவோடு உட்கார்ந்து சூடாகச் சாக்லேட் பால் குடித்துக்கொண்டிருந்தான். அடுத்த மேசையில்தான் கிளெமென்ஸ் இருந்தான்.

மலை இடிந்ததுபோல் சத்தம் கேட்டு வெளியே ஓடினான். சரிவு லிப்ட்டுக்குக் கொஞ்ச தூரம் மேலே வந்து நின்றிருந்தது. வீகில் அம்புபோல் இறங்கி வந்தார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"எல்லாரும் தேடுறதுக்குத் திருப்புங்க! காலுஸ், திருப்பிட்டியா? ரோமான்?"

இருவரும் கையைத் தூக்கினார்கள். வீகில் நேரே கிளெமென்ஸிடம் வந்தார். "உன்னை நம்ப முடியாது, மாப்ள" என்று அவன் சட்டையின் ஜிப்பைக் கிழித்ததுபோல் இழுத்துத் திறந்து, தன் கையாலேயே அவனுடையதைத் திருப்பிவிட்டார். அடுத்த கணம் பனிமேல் ஏறி ஓடினார்.

நீங்கள் திருப்பினீர்களா என்று அவரைக் கேட்க அந்த மலையில் ஆள் கிடையாது.

*

வெரேனாவை வீட்டுக்குக் கொண்டுவந்து, மரப்பலகை வேய்ந்த முன்னறையில் கிடத்தினார்கள். அந்த அறை அடுப்பை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். வீகிலின் அக்கா ஹெட்விக், அழுதுகொண்டே எல்லோரையும் விரட்டி வேலை வாங்கினாள். "அந்தக் கடிகாரத்தை நிறுத்துங்கடா. யாராவது போய் ரொட்டி வாங்கிட்டு வாங்க. நீ ஏன் நடு வழியில நிக்கிற, மரமா நீ?"

ஊர் வரத் தொடங்கியது. வந்தவர்கள் பைன் கிளையைத் தீர்த்தத்தில் நனைத்து அவள்மேல் தெளித்தார்கள். கிளெமென்ஸின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார்கள். அவன் தலையாட்டினான். அவன் கண் முழுக்க மாமனார்மேல்தான் இருந்தது. அவர் தண்ணீர் குடிக்க எழுந்தால் இவனும் எழுந்தான். அவர் கொல்லைப் பக்கம் போனால் கதவருகே போய் நின்றான். விரல் நுனிகள் எல்லாம் தோல் உரிந்து, ஹெட்விக் கட்டிவிட்ட துணியோடு அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவருடைய பீப்பர் நடையில், கழற்றிப் போட்ட சட்டைக்குள் கிடந்தது. அதன் பக்கம் அவர் திரும்பவில்லை.

திரும்பாதவரைக்கும் சரி என்று கிளெமென்ஸ் நினைத்தான். அடக்கம் முடியட்டும். அதற்குப் பிறகு, வருடங்கள் கழித்துக்கூட, தெரியாமலே போய்விட்டால் போதும்.

அவர் மனைவி போய் வெகுநாளாகிவிட்டது. அவருக்கு இருந்தது ஒரு மகளும் ஒரு மலையும். இன்று இந்த மலை அந்த மகளை எடுத்துக்கொண்டது. பனிக்குள் அவளுக்கு மிச்சமிருந்த மூச்சை எடுத்தது யார் என்று அவருக்குத் தெரியக் கூடாது. பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு வழிகாட்டி இருந்தார். தன்னை நம்பி வந்தவர்களைத் தவறான பக்கம் கூட்டிப்போய்விட்டவர். அவர்களைப் புதைத்த மறுநாள், ஒரு கப் காபி குடித்துவிட்டு, கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மலைமேல் நடந்தார். மே மாதம் பனி உருகியபோதுதான் கிடைத்தார். அதை கிளெமென்ஸுக்குச் சொன்னவள் வெரேனாதான். கப்பைக் கழுவிவிட்டுப் போனாராம் என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள்.

இரவு ஜெபமாலைக்கு முன் சமையலறையில் சூப் கொடுத்தார்கள். ரோமான் தட்டைத் தொடவில்லை.

"எட்டு, மூணு, ரெண்டுன்னு இறங்கி வந்துச்சு," என்றான். அவன் யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை. "பெரிய பெரிய எழுத்துல காட்டுச்சு. உள்ளே ஒண்ணும் இல்ல. அவ இருந்தது அங்கேயிருந்து இருபதடி மேலே."

"விடுடா," என்றார் காலுஸ்.

"எப்படி விடுறது? யாரோ ஒருத்தர் திருப்பல. அந்தக் குழியிலேயே நின்னுக்கிட்டு யாரோ ஒருத்தர் அனுப்பிக்கிட்டே இருந்திருக்காங்க."

குழியில் நின்றவர்கள் இருவர். ஒருவர் வீகில். மேசையில் இருந்த அத்தனை பேரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அடுத்தவனைப் பார்த்தார்கள்.

"மச்சான்," என்றான் ரோமான். குரல் உடைந்திருந்தது. "உன்னுதா?"

கிளெமென்ஸ் வாயைத் திறந்தான். ஜன்னலுக்கு வெளியே யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வாயை மூடிக்கொண்டான். கரண்டியைத் தட்டின்மேல் வைத்தான்.

"கேட்கிறேன்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நகரத்துக்காரனுக்கு எதுக்குடா மலை?" என்றாள் ஹெட்விக். கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள். "அவன் ஊர்ல ரோடு இருக்கு, நடைபாதை இருக்கு. நடந்தா ஆகாதா?" பிறகு இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள்.

ரோமான் எழுந்தான். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. அவன் கை ஓங்கியிருந்ததா இல்லையா என்று கிளெமென்ஸ் பார்க்கவில்லை. அடித்தால் அடிக்கட்டும் என்றிருந்தது. அடித்தால் நல்லதுகூட.

"ஜெபத்துக்கு நேரமாச்சு," என்று ஒரு குரல் கேட்டது.

வாசற்படியில் வீகில் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. ரோமான் நாற்காலியைத் தூக்கி நிறுத்தினான்.

ஜெபத்தை வீகிலே தொடங்கினார். துணி சுற்றிய விரல்களில் மணிகள் நகர மறுத்தன. ஊர் திருப்பிச் சொன்னது. பத்து மணிகள் கொண்ட ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றின் நடுவில், பாதி வாக்கியத்தில், அவர் நின்றுவிட்டார். எல்லோரும் காத்திருந்தார்கள். துக்கத்தில் நிற்கிறார் என்று ஒரு பெண் விசும்பினாள்.

கிளெமென்ஸ் தலையைத் தூக்கினான். வீகில் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகத்தை அல்ல. அவன் சட்டையின் ஜிப்பை.

அப்போதுதான் அவனுக்கும் நினைவு வந்தது. 'உன்னை நம்ப முடியாது, மாப்ள.' அவனுடையதைத் திருப்பியது அவர் கை. அவன் மற்ற எல்லோரையும் ஏமாற்றலாம், இவர் ஒருவரை ஏமாற்ற முடியாது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தலையைக் குனிந்தான். அப்படிக் குனிந்ததுதான் அவருக்குக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டது. கிளெமென்ஸுடையது இல்லை என்றால் யாருடையது?

வீகில் விட்ட இடத்திலிருந்து ஜெபத்தைத் தொடர்ந்தார். அதற்குப் பிறகு ஒரு சொல்லும் தவறவில்லை. அவன் நடைக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது, சட்டை ஆணியில் மாட்டியிருந்தது. பீப்பர் அதற்குள் இல்லை.

*

இரவெல்லாம் விழித்திருந்தவன் விடியும் வேளையில் எப்படியோ கண் அசந்துவிட்டான். விழித்தபோது மாமனாரின் படுக்கை காலி. போர்வை மடித்து வைக்கப்பட்டிருந்தது.

சமையலறைக்கு ஓடினான். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒன்றும் இல்லை. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் ஒரு கப், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

கிளெமென்ஸ் கதவுக்குப் பக்கத்தில் சாவிகள் மாட்டும் பலகையைப் பார்த்தான். லிப்ட் அறைச் சாவி இல்லை. அதற்குப் பக்கத்து ஆணியில் தனியாகத் தொங்கும் சின்னச் சாவியும் இல்லை. லிப்ட் அறைக்குப் பின்னால், பாறைக்குள் குடைந்த ஒரு இரும்புக் கதவின் சாவி அது. தொங்கிக்கொண்டு பயமுறுத்தும் பனியை வெடித்து இறக்கிவிடும் வெடிகள் அங்கேதான் இருக்கும்.

மேல்சட்டையைக்கூடப் போடாமல் ஓடினான். பனியில் பூட்ஸ் புதைந்தது. விழுந்தான், எழுந்தான். காது ஒவ்வொரு அடிக்கும் ஒரு சத்தத்தை எதிர்பார்த்தது. கேட்டுவிடுமோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு ஓடினான்.

லிப்ட் அறையின் ஜன்னலில் விளக்கு எரிந்தது. கதவைத் தள்ளினான்.

வீகில் கருவிப் பலகை முன்னால் உட்கார்ந்திருந்தார். எதிரே பீப்பர் இருந்தது. அதன் பக்கத்தில் சின்னச் சாவி.

"கதவைச் சாத்து. குளிர் வருது," என்றார்.

சாத்தினான். மூச்சு வாங்கியது.

"சட்டை எங்கேடா?"

"மறந்துட்டேன், மாமா."

"கீழ்நாட்டுக்காரன்." அதை ஏளனமாகச் சொல்லவில்லை. பழக்கத்தில் வந்த சொல். "உட்காரு."

உட்கார்ந்தான். சாவிக்கும் அவன் கைக்கும் நடுவில் ஒரு சாண் இடம்தான். எட்டிப் பிடிக்கலாமா என்று பார்த்தான்.

"ஆட்டுப் பள்ளத்துல பாதிதான் இறங்கியிருக்கு," என்றார் வீகில். "மீதி மேலேயே நிக்குது. நாளைக்கு அவளை அதுக்கு அடியிலதான் தூக்கிட்டுப் போகணும். கோயிலுக்கு வேற வழி கிடையாது. அதை இறக்கணும்."

"ரோமான் பார்த்துப்பான்."

"ரோமான் வர்றான். வரச் சொல்லியிருக்கேன்."

வெளியே இன்னும் வெளிச்சம் முழுதாக வரவில்லை. அறையின் மூலையில் மின்சாரப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"உன்னுதைத் திருப்பினது நான்தான்," என்றார்.

கிளெமென்ஸ் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான் திருப்பின பிறகு அது எப்படி அனுப்பும்? ஏன் ஒத்துக்கிட்ட?"

"ஒத்துக்கல, மாமா. சும்மாதான் இருந்தேன்."

"சும்மா இருந்தான்." அவர் பீப்பரைத் தன் பக்கம் நகர்த்தினார். மறுபடி தள்ளிவைத்தார். "இதை எடுத்துப் பார்த்தேன். அணைஞ்சிருந்துச்சு. நான் அணைக்கல. எனக்கு அணைச்ச ஞாபகமே இல்ல. அப்ப யார்?"

"நான்."

"எப்ப?"

"உங்களைக் கட்டிப் பிடிச்சப்ப."

வீகில் ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எதையோ கேட்டு ஒப்புக்கொள்வதுபோல.

"அழறேன்னு நினைச்சேன்," என்றார்.

பூட்ஸ் சத்தம் கேட்டது. ரோமான் முதுகில் பையோடு உள்ளே வந்தான். கிளெமென்ஸைப் பார்த்ததும் அவன் முகம் இறுகியது.

"இவன் எதுக்கு இங்கே, சித்தப்பா?"

"என்னுதுடா," என்றார் வீகில்.

"என்னது?"

"திருப்பாதது. இவனுது இல்ல. என்னுது."

ரோமான் அசையாமல் நின்றான். பையின் வாரைப் பிடித்திருந்த கை மட்டும் மேலும் கீழும் போனது. சித்தப்பாவைப் பார்த்தான். பலகைமேல் இருந்த பீப்பரைப் பார்த்தான். கடைசியில் கிளெமென்ஸைப் பார்த்தான். ஏதோ சொல்ல வந்தவன், "சட்டை போடலியா மச்சான்?" என்றான். தன்னுடையதைக் கழற்றி அவன்மேல் எறிந்துவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

சாவி போய்விட்டது. கிளெமென்ஸ் மூச்சு விட்டான். ஆனால் அந்த மூச்சு பாதியில் நின்றுவிட்டது. வீகில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். மறைக்க ஒன்றும் இல்லை, செய்யவேண்டிய வேலையும் நாளையோடு தீர்ந்துவிடும். இப்படி எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டவரை நினைத்துத்தான் அவனுக்கு அதிகம் பயமாக இருந்தது.

மேலே வெடி வெடித்தது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மீதிப் பனி இறங்கி வரும் சத்தம் நீண்டு, மெலிந்து, நின்றது. இருவரும் எழுந்து பார்க்கவில்லை.

*

அன்று பகலுக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. யாரும் வீகிலிடம் எதுவும் பேசவில்லை. ஹெட்விக் கிளெமென்ஸின் முன்னால் ரொட்டியை வைத்துவிட்டு, அங்கேயே கொஞ்ச நேரம் நின்று, அவன் தலைமயிரைச் சரிசெய்துவிட்டுப் போனாள். இரவு அவன் மாமனாரின் அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான்.

"காவலா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"தூக்கம் வரல, மாமா."

"நாற்காலியில உட்கார்ந்தா எப்படி வரும்?"

பிறகு மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. கிளெமென்ஸ் விடியும்வரை அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தான். முன்னறையில், திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் வெரேனா இருந்தாள். அவன் அவளிடம் போகவில்லை. போனால் இந்த மூச்சு கேட்காது.

காலையில் சவப்பெட்டியை வாசற்படியில் மூன்று முறை தாழ்த்தித் தூக்கினார்கள். அப்படித்தான் அவள் வீட்டுக்கு விடை சொன்னாள். ரோமானும் காலுஸும் முன்னால் பிடித்தார்கள். வெடித்து இறக்கிய பனி பாதையின் ஓரம்வரை வந்து கிடந்தது. அதைக் கடக்கும்போது வீகில் மேலே பார்க்கவில்லை. நடை தடுமாறவும் இல்லை. கிளெமென்ஸ் அவருடைய மேல்சட்டையின் பின்னால் ஒரு மடிப்பை விரல்களால் பிடித்துக்கொண்டே நடந்தான். அவருக்குத் தெரிந்திருக்கும்.

கல்லறையில் தோண்டிய மண் கல்லாக உறைந்து குவிந்திருந்தது. அதைப் பெட்டியின் மேல் போட முடியாது. பிர்க்காட்டின் கோயில்பிள்ளை ஆண்டுதோறும் பனி விழுவதற்கு முன்பே ஒரு மரத் தொட்டியில் மண் அள்ளி, தன் சமையலறை அடுப்போரம் வைத்துவிடுவார். குளிர்காலத்தில் சாகிறவர்களுக்கு அதிலிருந்துதான். தொட்டியை இருவர் தூக்கிவந்து வைத்தபோது மண்ணிலிருந்து லேசாக ஆவி எழுந்தது.

கிளெமென்ஸ் அள்ளிப் போட்டான். மண் கதகதப்பாக இருந்தது. அதை அவன் எதிர்பார்க்கவில்லை.

அடுத்து வீகில். விரல்களில் சுற்றியிருந்த துணியைப் பல்லால் அவிழ்த்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். குனிந்து ஒரு பிடி எடுத்தார். குழிக்கு மேலே கையை நீட்டினார். கை திறக்கவில்லை. பாதிரியார் காத்திருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். தோல் உரிந்த அந்த முஷ்டி குழிக்கு மேலே அப்படியே நின்றது. கிளெமென்ஸ் அவர் சட்டையின் மடிப்பை இறுக்கிப் பிடித்தான். அவர் உடம்பு முன்னால் சாய்கிறதா, சாய்கிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீகில் கையை மடக்கிக்கொண்டு பின்வாங்கினார். முஷ்டியைத் திறக்காமலே திரும்பினார்.

சாப்பாடு விடுதியில். நீள மேசைகள், மாட்டிறைச்சி சூப், வெள்ளை ரொட்டி. முதலில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். இரண்டாவது தட்டு வருவதற்குள் ஒரு மூலையில் யாரோ வெரேனா சின்ன வயதில் பாதிரியாரின் தொப்பியைச் சறுக்குக் கட்டையில் கட்டி இழுத்துக்கொண்டு போனதைச் சொன்னார்கள். சிரிப்பு எழுந்து, வெட்கப்பட்டு அடங்கியது.

வீகிலின் முன்னால் சூப் ஆறிக்கொண்டிருந்தது. மூடிய வலது கை தட்டுக்குப் பக்கத்தில் மேசைமேல் கிடந்தது. விரல் இடுக்கில் மண் ஈரமாகி, வெள்ளை விரிப்பில் ஒரு பழுப்பு வட்டம் படிந்துகொண்டிருந்தது. ஹெட்விக் அதைப் பார்த்தாள். விரிப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை. "சாப்பிடு, வீகில்," என்று மட்டும் சொன்னாள்.

அவர் அசையவில்லை. கிளெமென்ஸும் அசையவில்லை. மேசையில் மற்றவர்கள் பேசுவது தூரத்தில் கேட்டது. அவன் அந்தக் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவர் இடது கையை நீட்டிக் கரண்டியை எடுத்தார்.

பழக்கமில்லாத கை. முதல் வாய் பாதி தட்டிலேயே சிந்தியது. வாயைத் துடைத்துக்கொண்டார். மறுபடி முக்கினார். இரண்டாவது வாய் உள்ளே போனது. "உப்பு கம்மி," என்றார்.

காலுஸ் உப்பை நகர்த்தினார். அவர் இடது கையாலேயே போட்டுக்கொண்டு தொடர்ந்து குடித்தார்.

கிளெமென்ஸ் இரண்டு நாளில் முதல் தடவையாக அவர்மேலிருந்து கண்ணை எடுத்துத் தன் கரண்டியைத் தொட்டான். அது தட்டின் விளிம்பில் பட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது. அதை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டான்.